சிரிப்போடு ஒரு வேண்டாம்

வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். வயிறு நிறைந்த கைக்குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிடுகிற சொல். அதைச் சொல்ல வராமல் மங்கையர்க்கரசி மத்தியானச் சாப்பாட்டிலிருந்து மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சாலிகிராமத்துச் சந்து ஒன்றில், கீழே தையல்கடை, மேலே ஸ்டுடியோ. நாலு சுவரிலும் பஞ்சு அடித்த சின்ன அறை. டேக் ஓடும்போது ஏசியை நிறுத்திவிடுவார்கள், அதன் மூச்சுகூட மைக்கில் விழுந்துவிடும் என்று. அதனால் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. காதில் ஹெட்போன், ஹெட்போனுக்குள் ஹெப்சிபா. "நல்லாத்தான்டி இருக்கு. ஆனா சிரிப்பு இல்லையே. வேண்டாம்னு சொல்லு, கூடவே வாய்க்குள்ள ஒரு சிரிப்பு சிரி. வேண்டாம்னு சொல்றா, ஆனா உள்ளுக்குள்ள அவளுக்குப் புடிச்சிருக்கு. அந்தச் சிரிப்பு." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஹெப்சி தானே அதைச் செய்துகாட்டினாள், தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி. இருபது வருஷச் சிநேகிதி. இந்த விளையாட்டுக்கு வசனம் எழுதியவள், குரல் கொடுப்பவர்களை வேலை வாங்குபவளும் அவளே. போனில் ஆடுகிற கதை விளையாட்டு இது. ஆடுகிறவன்தான் கதாநாயகன். யாழினி என்கிற பெண்ணை அவன் மடக்க வேண்டும். பூக் கொடுத்தால் ஒரு இதயம், பரிசு கொடுத்தால் இரண்டு இதயம், திரையின் மேல்மூலையில் சிவப்பாக ஏறிக்கொண்டே போகும். அந்த யாழினிக்கு அரசிதான் குரல். நாற்பத்து மூன்று வயதில், தொழிலுக்கு வந்து இத்தனை காலம் கழித்து, முதல்முறையாகக் கதாநாயகிக் குரல். ஹெப்சி போராடி வாங்கிக்கொடுத்தது. "உனக்காகவேதான்டி எழுதினேன்," என்று காலையில் படியேறும்போது கையைப் பிடித்துச் சொன்னாள். உனக்காகவே எழுதினேன். இப்போது அந்த வார்த்தை மீன்முள்ளாய்க் குத்தியது.

சிரிப்பு வரவில்லையாம், அரசிக்கு! யாரிடமாவது சொன்னால் அதற்கே சிரிப்பார்கள். சென்னையில் டப்பிங் நடக்கிற எந்த ஸ்டுடியோவிலும் கேட்டுப் பார்க்கலாம், சிரிப்புக்கு ஆள் வேண்டுமென்றால் அரசியைக் கூப்பிடு என்பார்கள். கல்லூரிப் பெண்கள் கூட்டமாய்ச் சிரிக்கிற சிரிப்பு, கல்யாண வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, காமெடியன் வழுக்கி விழுந்ததும் பின்னாலிருந்து வருகிற சிரிப்பு, எல்லாம் அவள்தான். கதாநாயகியின் தோழி என்று ஒருத்தி எல்லாப் படத்திலும் இருப்பாளே, அவளும் இவள்தான். அந்தத் தோழிக்கு வீடு கிடையாது, அப்பா அம்மா கிடையாது, ஊர் கிடையாது, பல படங்களில் பெயரும் கிடையாது. கண்ணாடி போட்டிருப்பாள், அல்லது குண்டாக இருப்பாள், அல்லது எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருப்பாள். பார்க்கிறவன் சிரிக்க அது போதுமாம். அவளுக்கு உள்ள ஒரே வேலை, "ஏய், அவன் உன்னையேதான்டி பாக்கறான்," என்று இடித்துச் சொல்வது. எத்தனை படம், எத்தனை தோழி! ஒருத்திகூட, "ஏய், அவன் பாக்கறது நல்லா இல்லடி, வா போயிடலாம்," என்று சொன்னது கிடையாது. அப்படி ஒரு வசனம் அரசியின் கைக்கு வந்ததே இல்லை. நாயகனின் நண்பன் பாடு இன்னும் மோசம். அடி வாங்குவான், பெண் வேடம் போட்டு ஹாஸ்டலுக்குள் ஏறிக் குதிப்பான், நடுராத்திரி சுவரேறி நாயிடம் கடி வாங்குவான், கடைசியில் தாலி கட்டும்போது அட்சதை போட ஓரத்தில் நிற்பான். நட்பாம். கழுதையாய்ப் பொதி சுமக்கிறதுக்குப் பெயர் நட்பு. தியேட்டரில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிப்பு குறைந்த இடத்தில் அரசியின் சிரிப்பை எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். அப்படிச் சிரித்தே வீட்டு வாடகை கொடுத்தாள், அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தாள், ஒரு குறையும் இல்லை. இன்றைக்கு மட்டும் ஏன் இந்த வாய் இப்படி இறுகிக்கொண்டு கிடக்கிறது? தெரியாதா என்ன. நன்றாகத் தெரியும்.

டப்பிங்கில் வசனத்தை முன்கூட்டி யாரும் தருவதில்லை. மைக்குக்கு முன்னால் நின்ற பிறகுதான் தாள் கைக்கு வரும், ஒரு பார்வை பார்க்க வேண்டியது, பேச வேண்டியது. அதுதான் இந்த வேலையின் வழக்கம், அரசிக்கு அதில் ஒரு கர்வமும் உண்டு. அதனால் காலையில் முதல் காட்சி, இரண்டாவது காட்சி என்று ஓட்டமாய் ஓடியது. சாப்பிட்டுவிட்டு வந்து நின்றதும் ஹெப்சி அடுத்த தாள்களை நீட்டினாள், நீட்டும்போதே ஒரு குறும்புச் சிரிப்பு. அரசி படித்தாள். காட்சி, பெண்கள் ஹாஸ்டல். வாசல் கேட். கேட்டின் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்குகிறது. கவருக்குள் பால்கோவா. யாழினிக்குப் பால்கோவா என்றால் உயிர் என்று அவளுடைய தோழி நாயகனிடம் சொல்லியிருக்கிறாள். நாயகன் தினமும் காலையில் ஒரு கவர் கட்டிவிட்டுப் போகிறான். யாழினி மூன்று முறை வேண்டாம் என்கிறாள், மூன்று முறையும் சிரிப்போடு. அதைப் படித்ததும் அரசிக்குக் காது அடைத்தது. ஹெட்போனுக்குள் ஹெப்சி, "எப்பிடி? ஞாபகம் வருதா? நம்ம தனசேகர்!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பேசுகிற பட்டனிலிருந்து அவள் விரல் எடுபட்டதும் சத்தம் நின்றுபோனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய்கள் மட்டும் திறந்து திறந்து மூடின. ஹெப்சி ஏதோ சொல்கிறாள், ஒலிப்பதிவுக் கன்சோலில் உட்கார்ந்திருக்கிற ரவூஃப் பாய் தொப்பை குலுங்கச் சிரிக்கிறார், பின்னால் சோபாவில் விளையாட்டுக் கம்பெனியின் பிரணவ் தொடையில் தட்டிக்கொள்கிறார். என்ன சொல்கிறாள் என்று கேட்கவா வேண்டும்? அரசியின் பின்னால் தனசேகர் சுற்றிய அந்தக் கதையை அவள் சொல்லி அரசி எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். தன் பையனின் பிறந்தநாளில் சொன்னாள், டப்பிங் சங்கத் தேர்தல் அன்று பிரியாணி சாப்பிடும்போது சொன்னாள், ரயிலில் எதிர் சீட்டில் இருந்த முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அரசியும் கூடவே சிரித்தாள். பழக்கதோஷம். அதற்குத்தானே அவளைக் கூப்பிடுகிறார்கள்.

சத்தமில்லாமல் பார்த்தால் சிரிப்பு எவ்வளவு அசிங்கமாய் இருக்கிறது. பல், ஈறு, நாக்கு. பஸ் ஸ்டாப்பிலும் இப்படித்தான் சிரித்தார்கள். இல்லை, பஸ் ஸ்டாப் வேண்டாம், அங்கே போகக்கூடாது, இப்போது டேக். "ரெடியா? போலாம்." ஏசி நின்றது. சிவப்பு விளக்கு. ஐயோ, வேண்டாங்க, என்று தாளில் இருந்தது. "ஐயோ, வேண்டாங்க." வரவில்லை. குரல் சப்பென்று விழுந்தது, நேற்று வடித்த சோறு மாதிரி. "அரசி, என்னடி ஆச்சு உனக்கு? இதெல்லாம் உனக்கு ஜுஜுபிடி." ஜுஜுபிதான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்குப் பால்கோவா ஜுஜுபி இல்லையா? பிறந்ததிலிருந்து பார்த்த பண்டம். தேரடியில் இறங்கினால் அந்தப் பால் வற்றுகிற வாசனைதான் முதலில் வந்து வா என்று கூப்பிடும். ஊரை விட்டு வந்து அந்த வாசனைக்கு ஏங்கியிருக்கிறாள், உண்மைதான், ஹெப்சியிடம் சொல்லியும் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே ஹாஸ்டல், ஒரே அறை. தூத்துக்குடிக்காரி அவள் மக்ரூனுக்கு ஏங்கினாள், இவள் பால்கோவாவுக்கு. சிநேகிதியிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அதை அவள் ஒருத்தனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்தாள் என்றால் சும்மா இல்லை. அரசி எந்த பஸ்ஸில் போவாள், எந்த ஸ்டுடியோவுக்கு எத்தனை மணிக்கு வருவாள், சனிக்கிழமை எந்தக் கோயில், எல்லாம். அந்த தனசேகர் ஸ்டுடியோவில் கேபிள் இழுக்கிற வேலையில் இருந்தான். கெட்டவனா இருக்க மாட்டான்டி, உன் மேல உயிரையே வச்சிருக்கான், என்றாள் ஹெப்சி. யாருடைய உயிரை யார் மேல் வைப்பது? வைக்கச் சொல்லி யார் கேட்டது? மறுநாள் காலை ஹாஸ்டல் கேட்டில் முதல் கவர் தொங்கியது. அதற்கு மறுநாளும். எறும்பு மொய்த்து, வெயிலில் நெய் கசிந்து, வாட்ச்மேன் அதைப் பார்த்துவிட்டு இவளைப் பார்ப்பார், ஒரு மாதிரியாக. இன்றைக்கு வரை அரசி பால்கோவா வாயில் வைப்பதில்லை. சொந்த ஊரில், சொந்தத் தங்கை கல்யாணத்தில், இலையில் வைத்ததை மடித்து மூடினாள். என்னடி, மெட்ராஸ் போனதும் நம்ம ஊர்ப் பண்டம் கசக்குதோ, என்றாள் சித்தி. ஆமாம் சித்தி, கசக்குது என்றாள், அதற்கும் சிரித்தாள்.

நீ சிரிச்சியா? அதுதான் எல்லோரும் கேட்டது. ஹாஸ்டல் வார்டன் கேட்டாள், அறையைக் காலி பண்ணச் சொல்வதற்கு முன்னால். "நீ சிரிக்காமலா அவன் தெனமும் கேட்டுல வந்து நிக்கறான்?" அப்பா கேட்டார், ஊர் சிரிப்பாச் சிரிக்குது, நீ அவன்கிட்டச் சிரிச்சியா, என்று. அம்மா கேட்கவில்லை, ஆனால் தலைவாரிப் பின்னும்போது சீப்பு அதையே கேட்டது. சிரித்தேனா? அரசி எத்தனையோ தடவை அந்த முதல் நாளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறாள். ஸ்டுடியோ மாடிப்படி. அவன் கீழே நிற்கிறான், வழியை அடைத்துக்கொண்டு. "என்னைப் புடிச்சிருக்கா?" அவள் சொல்கிறாள், "ஐயோ, வேண்டாங்க." சொல்லும்போது சிரிப்பு வந்தது. வந்ததா? வந்தது. எப்படிப்பட்ட சிரிப்பு? அங்கேதான் நினைப்பு முள்வேலியில் சேலை சிக்கினது போலச் சிக்கிக்கொள்ளும், முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. சிரித்தது தப்போ, சிரிக்காமல் இருந்தால் போயிருப்பானோ, சிரித்ததால்தான் வந்தானோ. இருபது வருஷமாக இதே. நடுவில் ஒரு கல்யாணம் வந்து போனது, அம்மா போனாள், முடி நரைத்தது, இது மட்டும் அதே படியில் அப்படியே நிற்கிறது.

"மேம், ஒரு சின்ன விஷயம்," என்று புதுக் குரல் ஒன்று ஹெட்போனுக்குள் வந்தது. பிரணவ். மரியாதையான மனிதர், காலையில் காபிகூட அவரே எடுத்துக்கொடுத்தார். "நோ சொல்றப்ப அதுல ஒரு ஹோப் இருக்கணும் மேம். ஸ்ட்ரைட்டா நோ சொல்லிட்டா பிளேயர் விட்டுட்டுப் போயிடுவார். மறுபடியும் அந்தப் பட்டனை அமுக்கணும்னு அவருக்குத் தோணணும்." அரசி தலையாட்டினாள். விட்டுவிட்டுப் போய்விடுவார். போகட்டுமே! வேண்டாம் என்று சொன்னால் போவதுதானே முறை? உலகத்தில் எந்தக் கடையிலும் வேண்டாம் என்றால் வேறு சேலையை எடுத்துப் போடுவான், அதே சேலையை நாலு நாள் வீட்டு வாசலில் கொண்டுவந்து தொங்கவிட மாட்டான். தாளின் அடியில் குறிப்பு இருந்தது. இதயம் ஐந்துக்குக் கீழே இறங்கினால் கதை முடிந்துவிடும். அந்த முடிவுக்குப் பெயர், நண்பர்கள் மட்டுமே. சோக இசை, மழை, நாயகன் தனியாக நடந்து போகிறான், மறுபடியும் ஆடுக. அரசி அதை இன்னொரு தடவை படித்தாள். நண்பர்கள் மட்டுமே! அது தோற்றவனுக்குக் கிடைக்கிற பரிசாம், பரீட்சையில் பெயிலானவனுக்குப் போடுகிற சிவப்புக் கோடாம். ஒரு பெண்ணோடு சும்மா உட்கார்ந்து பேசுவது, அவள் சொல்வதைக் கேட்பது, அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று ஒரு வார்த்தை விசாரிப்பது, இதெல்லாம் தோல்வி. அவள் வேண்டாம் வேண்டாம் என்கிறபோது தின்பண்டத்தைக் கட்டித் தொங்கவிடுவது ஜெயம். எவன்டா இந்தக் கணக்கைப் போட்டது? ஹெப்சி, நீயா போட்டாய்?

ஹெப்சி போடவில்லை, பாவம். அவளுக்கும் யாரோ போட்டுக் கொடுத்ததுதான். அடுத்த வரியில் அவளுடைய வார்த்தையே இருந்தது, யாழினியின் தோழி நாயகனுக்குச் சொல்வதாக: விடாதீங்க, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அட்சரம் பிசகாமல் அன்றைக்குத் தனசேகரிடம் அவள் சொன்னது. அந்தப் பழமொழியைச் சொன்னவன் ஒரு நாளாவது அம்மியைக் கேட்டிருப்பானா? நீ நகர வேண்டுமா, எங்கே நகர வேண்டும், இங்கேயே கிடக்க உனக்கு இஷ்டமா என்று? அடித்தவனுக்குத்தான் பழமொழி. அடிபட்டதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. அரசி நகர்ந்தாள்தான், அதிலென்ன சந்தேகம். ஹாஸ்டலிலிருந்து நகர்ந்தாள். அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக, பின்னாலேயே ரயில் ஏறி ஊருக்கு நகர்ந்தாள். அப்போது ஒரு பெரிய படத்தில் கதாநாயகிக்குக் குரல் கொடுக்க அவளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள், அதுவும் நகர்ந்து யாரோ ஒருத்தியிடம் போனது. இரண்டு வருஷம் கழித்து மல்லுக்கட்டித் திரும்பி வந்தபோது, குரலில் கொஞ்சம் கனம் ஏறிடுச்சும்மா, தோழி கேரக்டருக்கு வர்றீங்களா, என்றார்கள். வந்தாள். வந்து முதல் நாள் முதல் வசனம் என்ன தெரியுமா? "ஏய், அவன் உன்னையேதான்டி பாக்கறான்." ஒரே டேக்கில் ஓகே.

ஏசி மறுபடி நின்றது, அந்த டேக்கும் சரியாக வரவில்லை. பஸ் ஸ்டாப் வந்துவிட்டது, வேண்டாம் என்றாலும் வந்துவிட்டது, வடபழனியில் காலை வெயில், அலுவலகம் போகிற கூட்டம், முன்னால் இரண்டு பூக்காரிகள். அவன் வந்து நின்றான், கையில் கவர். "நேத்து கவரை நாய்க்குப் போட்டியாமே," என்றான். சத்தமாக இல்லை, மெதுவாக, ரகசியம் சொல்கிற மாதிரி. அந்த மெதுவில்தான் பயம் இருந்தது. அவள் நகர்ந்தாள், அவனும் நகர்ந்தான். பிறகு அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தான். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. "வேண்டாம், விடுங்க," என்றாள் அரசி. சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆமாம், அன்றைக்கும் சிரித்தாள்! தெருநாய் பல்லைக் காட்டிக்கொண்டு எதிரே நிற்கும்போது, நல்ல நாய்தானே நீ, போ ராஜா, என்று கொஞ்சுவோமே, அந்தக் கொஞ்சலில் பாசமா இருக்கிறது? கடிக்காதே என்பதற்கு அது ஒரு வழி, வேறு வழி இல்லாதபோது வருகிற வழி. பூக்காரி ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துக் கண்ணடித்தாள். லவ்வர்ஸ் சண்டை, என்றார் ஒரு பெரியவர், செய்தித்தாளை மடித்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள்தானே, அடுத்தது பாட்டு வரும் என்று நினைத்திருப்பார்கள். அவள் கையை உருவிக்கொண்டு வந்து நின்ற பஸ்ஸில் ஏறினாள், அது எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. கடைசி நிறுத்தம் வரைக்கும் போய் டெப்போவில் இறங்கி, அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதும் உதடு மட்டும் சிரித்தபடியே இருந்தது, இறங்க மாட்டேன் என்றது. கையால் பிடித்து இழுத்து மூடினாள்.

இருபது வருஷமாகச் சிக்கிக்கொண்டிருந்த சேலை அந்த இடத்தில் டர்ரென்று கிழிந்து கையோடு வந்தது. சிரித்தாயா என்று கேட்டார்களே, எப்படிச் சிரித்தாய் என்று ஒருத்தர் கேட்டார்களா? பாவிகளா, ஒருத்தராவது? அரசிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெப்சி பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், அரசிக்குத்தான், தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று. அவள் அப்படித்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவெல்லாம் தரையில் துண்டை விரித்துப் படுத்தவள் அவள். அரசியின் புருஷன் வேறு வாழ்க்கை தேடிப் போனபோது, ஒரு கேள்வி கேட்காமல் தன் வீட்டு மாடி அறைச் சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தவள் அவள். அவளைத் திட்ட வாய் எழும்புமா? இந்த ஊரில் அரசிக்கு என்று இருக்கிற ஒரே ஆள். வாயைத் திறந்தால் அந்த ஒரு ஆளும் போய்விடும். திறக்காவிட்டால்? அரசி தாளைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் முதல் வரி, யாழினி, வெட்கத்தோடு: "சரி. எனக்கும் உங்களைப் புடிச்சிருக்கு." மேலே பத்து இதயங்கள் வெடிக்கின்றன. மூன்று வேண்டாமுக்குப் பிறகு ஒரு சரி. தனசேகரிடம் அவள் ஒரு நாளும் சொல்லாத சரி. ஹாஸ்டல் போய், படம் போய், ஊர் சிரித்து, அத்தனைக்குப் பிறகும் அவள் கொடுக்காமல் காப்பாற்றிவைத்த ஒன்று. இப்போது அதை அவள் குரலிலேயே, தேன் தடவிச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் எவன் எவன் பட்டனை அமுக்கினாலும் மங்கையர்க்கரசி சரி என்பாள். அவள் தூங்கும்போதும் சொல்வாள், செத்த பிறகும் சொல்வாள். கேட்டில் கவர் கட்டுகிற ஒவ்வொருத்தனுக்கும் அவள் குரல்தான் சாட்சி.

"கடைசியா ஒண்ணு பாக்கலாம்டி. வரலேன்னா நாளைக்கு எடுத்துக்கலாம்," என்றாள் ஹெப்சி. அரசி, சரி போலாம் என்றாள். ஏசி நின்றது. சிவப்பு விளக்கு. அவள் கண்ணை மூடவில்லை, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இடது கை தானாக மார்புக்கு ஏறியது. உதடு இரண்டு பக்கமும் இழுபட்டது, வேண்டுமென்று இழுக்கவில்லை, அதற்கு வழி தெரிந்திருந்தது. "வேண்டாம்... விடுங்க," என்றாள், சிரித்தாள். கேட்டபடியே வாய்க்குள் சிரித்தாள். சிரிப்பு மூச்சில் தடுக்கி, நின்று, மறுபடி ஆரம்பித்து, யாரையோ சமாதானப்படுத்துகிறாற்போல நாலு துண்டாய் வந்தது. கடைசித் துண்டு சிரிப்பாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. 

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரவூஃப் பாய் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கன்சோலையே பார்த்தார். ஹெப்சியின் கையில் வெந்நீர் டம்ளர் அப்படியே நின்றது. மற்றக் கையால் பட்டனை அமுக்கினாள்.

"என்னடி இது?"

"சிரிப்போடதானே கேட்ட?"

"சிரிப்புதான். ஆனா... என்னால கேக்கவே முடியலடி. இது எங்கேருந்து வந்துச்சு?"

"தனசேகர் கையைப் புடிச்சான்ல, அன்னைக்குப் பஸ் ஸ்டாப்புல சிரிச்ச சிரிப்பு இதுதான். மாடிப்படியில சிரிச்சதும் இதுதான். எங்கிட்ட வேற ஸ்டாக் இல்ல."

ஹெப்சி மைக்கை நோக்கிக் குனிந்தாள். "நீ எங்கிட்ட இப்பிடின்னு சொல்லவே இல்லையேடி."

"சொன்னேன். டீக்கடையில மெதுவாச் சொன்னேன். ரூம்ல சிரிச்சுக்கிட்டே சொன்னேன். ஊருக்குப் போயி போன்ல கத்திச் சொன்னேன், கையைப் புடிச்சுட்டான்டின்னு. மூணு தடவை. கையைப் புடிச்சுட்டானா, ஹீரோ ஆயிட்டான்னு நீ சிரிச்ச." குரல் ஏறியது, அரசி இறக்கவில்லை. எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது, ஆகட்டும். "இருபது வருஷமா சிரிக்கற. நானும் கூடச் சிரிச்சேன். போதும் ஹெப்சி. இந்த வேண்டாமை வச்சுக்கோ, இல்ல அழிச்சுடு. அடுத்த பக்கத்துல ஒரு சரி இருக்குல்ல, அத வேற யாரையாவது வச்சு எடுத்துக்கோ. எங்கிட்ட அது இல்ல."

பிரணவ் எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார். ஹெப்சி டம்ளரைக் கீழே வைத்தாள். கனமான கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கதவு அவள் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. முகம் வெளுத்திருந்தது. பயந்தாலும் அழுதாலும் அவளுக்குச் சென்னைப் பேச்சு போய் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"ஏளா," என்றாள். "எந்தக் கை?"

இருபது வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. அரசி இடது கையைக் காட்டினாள். மணிக்கட்டில் ஒன்றும் இல்லை, ஒரு வாட்ச் மட்டும் இருந்தது. ஹெப்சி அதையே பார்த்தாள், கண் நிறைந்து வழிந்தது, வழக்கம்போல அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொள்ளக் கை நீட்டினாள்.

"வேண்டாம்," என்றாள் அரசி. சிரிக்கவில்லை.

ஒரு தடவைதான் சொன்னாள். ஹெப்சி கையை இழுத்துக்கொண்டாள்.